1981 டிசம்பர் 31, இரவு 11.45

பேய்ப் படம் பார்த்துவிட்டு வருபவர் யாரும் லாஜிக் கேட்பதில்லை. செத்துப்போனவளுக்கு வெள்ளைப் புடவை எங்கே கிடைத்தது, அதை யார் இஸ்திரி போட்டுக் கொடுத்தது என்று தியேட்டர் வாசலில் வாக்குவாதம் நடந்து நான் பார்த்ததில்லை. காலப்பயணப் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சிங்கப்பூரின் பிடோக்கில் ஓர் உணவங்காடி நிலையத்து மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து 'இன்று நேற்று நாளை' பற்றிப் பேச ஆரம்பித்தால், தே தாரிக்கில் ஆடை கட்டுவதற்குள் ஐந்தாறு ஓட்டைகளை எடுத்துப் போட்டுவிடுவார்கள். "அதெப்படிங்க, நடந்ததையே மாத்திட்டாங்க, சரி. அப்ப இவங்களுக்கு மட்டும் எப்படிப் பழசு ஞாபகம் இருக்கு?" "வருங்காலத்துல மெஷின் இருக்குன்னா, இந்நேரம் அங்கேர்ந்து ஆளுங்க வந்து குவிஞ்சிருக்கணுமே?" "லாஜிக் இடிக்குதுதான் அண்ணே. ஆனா படம் நல்லாத்தான் இருந்துச்சு."

பெரும்பாலானவர்கள் கடைசியில் பேசியவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஆர். ரவிக்குமார் இயக்கத்தில், விஷ்ணு விஷாலும் கருணாகரனும் நடித்து 2015 ஜூன் மாதம் வந்த படம் அது. பெரிய நட்சத்திரமோ பிரமாண்டமோ கிடையாது. 2065இல் ஒரு விஞ்ஞானி சோதனைக்காக 2015க்கு அனுப்பும் இயந்திரம், பிழைப்பு சரியாக அமையாத இரண்டு பேரிடம் சிக்குகிறது. ஒருவர் ஜோசியர். இருவரும் சேர்ந்து, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் தொழிலை ஆரம்பிக்கிறார்கள். பொருள் தொலைந்த நாளுக்குப் போய், அது எங்கே போனது என்று பார்த்துவிட்டு வந்து, கட்டத்தில் தெரிந்ததாகச் சொல்வது. தமிழ்நாட்டில் ஒரு கால இயந்திரம் கிடைத்தால் அதற்கு இதைவிட நம்பும்படியான வேலை எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு சூர்யா நடித்து வந்த '24' இதைவிடப் பல மடங்கு செலவில் எடுக்கப்பட்டது. பளபளப்பு அதிகம்தான். ஆனால் படம் முடிந்த பிறகும் பேச்சு ஓயாமல் பார்த்துக்கொள்வதில் சின்னப் படத்துக்கே என் ஓட்டு. கண்ணைக் கட்டிப்போடக் காசில்லாத இடத்தில், கதையின் விதி மட்டும்தான் பார்வையாளரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். விதி பளிச்சென்று தெரியும்போது, அது மீறப்படுவதும் பளிச்சென்று தெரியும். மேசையைச் சுற்றி எழும் அந்தக் கேள்விகளை இயற்பியலாளர்களும் ஆய்விதழ்களில் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். படத்தில், போலீஸ் கையில் செத்திருக்க வேண்டிய ஒரு ரவுடி, இந்த இருவரும் இறந்தகாலத்தில் செய்த குளறுபடியால் பிழைத்துவிடுகிறான். நடந்ததை மாற்ற முடியுமா? தாத்தாவைக் கொன்றால் பேரன் ஏது என்ற பழைய புதிர்தான் இது. மனிதர்களை வைத்துப் பேசினால் மனமாற்றம், விதி, கர்மம் என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்பதால், இயற்பியலாளர் ஜோசப் போல்சின்ஸ்கி மனிதர்களையே விலக்கிவிட்டு ஒரு பந்தை வைத்துக் கேட்டார். அவர் சொன்னது பில்லியர்ட்ஸ் பந்து. நமக்கு காரம் போர்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

போர்டில் இடது குழிக்கும் வலது குழிக்கும் நடுவே ஒரு காலச் சுரங்கம் இருக்கிறது. இடது குழியில் விழும் காய், விழுவதற்கு 2 நொடி முன்னதாகவே வலது குழியிலிருந்து வெளியே வந்துவிடும். நீங்கள் சுண்டிய காய் நேராக இடது குழியை நோக்கிப் போகிறது. அது சேர்வதற்குள், அதே காய் வலது குழியிலிருந்து கிளம்பி வந்து, தன்னையே இடித்துத் தள்ளிவிடுகிறது. இப்போது அது குழியில் விழவில்லை. விழவில்லையென்றால், வந்து இடித்தது எது?

கலிஃபோர்னியாவில் இயற்பியலாளர் கிப் தோர்னின் குழுவினர் இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1991இல் வந்த விடை யாரும் எதிர்பார்க்காதது. வலது குழியிலிருந்து வரும் காய் பலமாக மோதாமல் லேசாக உரசிவிட்டுப் போகலாம். உரசப்பட்ட காய் கொஞ்சம் கோணல் மாறி, ஆனாலும் இடது குழியில் விழும். கோணல் மாறி விழுந்ததால்தான் அது வெளியே வரும்போதும் கோணலாக வந்து, பலமாக மோதாமல் லேசாக உரசுகிறது. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டது. எந்த இடத்திலும் முரண் இல்லை. அதைவிட விசித்திரம், ஒரே மாதிரி சுண்டினாலும் இப்படிப் பொருந்தும் விடைகள் ஒன்றல்ல, எண்ணற்றவை கிடைத்தன. ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் இதைப் பொது விதியாகவே முன்வைத்தார்: இறந்தகாலத்துக்குப் போகிறவர் அங்கே ஏற்கெனவே நடந்ததில் பங்கெடுக்கலாம், மாற்ற முடியாது.

நோவிகோவின் கட்சியில் சேர்ந்தால் அந்த ரவுடி சாக வேண்டியவனே. இயக்குநரைக் காப்பாற்ற இன்னொரு கட்சி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் டாய்ச் 1991இல் எழுதிய கட்டுரை குவாண்டம் இயற்பியலின் பல உலகக் கொள்கையைக் கொண்டு கணக்குப் போட்டது. இறந்தகாலத்துக்குப் போகிறவர் போய் இறங்குவது, அவர் புறப்பட்ட உலகத்தின் நேற்றில் அல்ல, அதன் கிளை உலகமொன்றின் நேற்றில். அங்கே ரவுடி பிழைக்கலாம். இங்கே செத்தவன் செத்தவனே. பயணம் போனவர்கள் வேறு உலகத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் பழைய வரலாறு ஞாபகம் இருப்பதில் தவறே இல்லை. ஆக, மேசையில் முதல் கேள்வியைக் கேட்டவருக்குத் தெரியாமலேயே அவர் நோவிகோவ் கட்சி. இயக்குநர், அவருக்கும் தெரியாமல் இருக்கலாம், டாய்ச் கட்சி. யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் சோதனை இதுவரை இல்லை.

காலச் சுரங்கம் என்று சொல்லிவிட்டு அப்படியே கடந்து போவது முறையாகாது. 1949இல், ஐன்ஸ்டைனின் 70 வயது நிறைவை ஒட்டி, அவர் நண்பரான கணிதவியலாளர் குர்ட் கோடல் அவருடைய சமன்பாடுகளையே எடுத்து, முழுப் பிரபஞ்சமும் சுழன்றால் அதில் பயணம் செய்பவர் தன் இறந்தகாலத்துக்கே திரும்ப முடியும் என்று நிரூபித்துக் காட்டினார். பிறந்தநாள் பரிசாக இப்படி ஒரு தலைவலி. நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதற்கு அடையாளம் எதுவும் இல்லாததால் பலர் அதை ஒதுக்கிவைத்தார்கள். பிறகு ஒரு நாவலாசிரியர் வந்தார். கார்ல் சேகன் 'காண்டாக்ட்' எழுதும்போது, நாயகியை விண்மீன்களுக்கு நடுவே அனுப்ப அறிவியலில் வழி இருக்கிறதா என்று தன் நண்பர் கிப் தோர்னிடம் கேட்டார். தோர்ன் காலமும் இடமும் வளைந்து உருவாகும் ஒரு சுரங்கத்தைச் சொன்னார். நாவல் 1985இல் வந்தது. கேள்வி தோர்னை விடவில்லை. அத்தகைய சுரங்கத்தின் ஒரு வாயை மிக வேகமாக எங்காவது கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், இரண்டு வாய்களுக்கும் நேரம் வேறுபட்டு, அது கால இயந்திரமாகிவிடும் என்று 1988இல் இரண்டு மாணவர்களோடு சேர்ந்து எழுதினார். கதைக்காகக் கேட்ட கேள்வி அறிவியலாகிப் போன அபூர்வமான சம்பவம் இது.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சுரங்கத்தை என்றைக்கு அமைத்தீர்களோ அந்த நாளுக்கு முன்னால் போக முடியாது. 2065இல் செய்த இயந்திரம் 2065க்குப் பிறகுள்ள ஆட்களை 2065 வரைதான் கொண்டுவரும், 2015க்கு வராது. ரவிக்குமாரின் படத்தில் உண்மையிலேயே லாஜிக் இடிக்கும் இடம் என்றால் எனக்கு இதுதான். ஆனால் இதை மேசையில் யாரும் எடுத்ததாக நினைவில்லை. எதிர்காலத்து ஆட்கள் ஏன் இங்கே வந்து குவியவில்லை என்ற இரண்டாம் கேள்விக்கும் இதே பதில் போதும். இங்கே இன்னும் யாரும் இயந்திரம் செய்யவில்லை, அதனால் இறங்குவதற்கு வாசல் இல்லை. ஸ்டீஃபன் ஹாக்கிங் இந்தக் கேள்வியை 2009 ஜூன் 28 அன்று ஒரு விருந்து வைத்துக் கேட்டார். கேம்பிரிட்ஜில் பலூன் கட்டி, ஷாம்பெயின் வைத்துக் காத்திருந்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகுதான் அனுப்பினார். ஒருவரும் வரவில்லை. வரலாற்றைக் குலைக்கும் கால வளையங்களை இயற்கை அனுமதிக்காது என்று 1992இலேயே அவர் எழுதியிருந்தார், ஆகவே அவருக்கு ஏமாற்றம் இருந்திருக்காது.

இந்த நிபந்தனையை விடாமல் பிடித்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. அதன் மொத்தச் செலவு சுமார் 7,000 அமெரிக்க டாலர். ஷேன் கரூத் என்ற கணிதப் பட்டதாரி எழுதி, இயக்கி, நடித்து, இசையமைத்து, படத்தொகுப்பும் செய்த 'பிரைமர்' 2004 சன்டான்ஸ் விழாவில் முதன்மைப் பரிசு வாங்கியது. இயந்திரம் ஒரு பெட்டி. காலையில் அதை இயக்கிவிட்டு விலகிப் போய்விட வேண்டும். மாலையில் உள்ளே ஏறி, காலையிலிருந்து மாலைவரை எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம் உள்ளேயே கிடந்தால், காலையில் வெளியே வரலாம். 6 மணி நேரம் பின்னால் போக 6 மணி நேரம் இருட்டில் கிடக்க வேண்டும். காலையில் இயக்கியதற்கு முன்னால் போகவே முடியாது. ஒளி, புகை, சுழலும் கடிகாரம் எதுவும் இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் பேப்பரில் கோடு கோடாக இழுத்து, எந்த ஆள் எந்த நேரத்தில் எத்தனையாவது தடவை இருக்கிறார் என்று வரைபடம் போட்டார்கள். "ஒண்ணும் புரியல" என்பதும் "இதுதான்யா படம்" என்பதும் ஒரே வாயிலிருந்து வந்த விமர்சனங்கள். படத்தின் நடுப்பகுதி வேண்டுமென்றே முடிச்சுப் போடப்பட்டது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் பெட்டியின் விதியை மட்டும் அது கடைசிவரை மீறுவதில்லை.

பெட்டி நின்ற இடத்திலேயே நிற்பதால் இன்னொரு பெரிய சிக்கலிலிருந்தும் 'பிரைமர்' தப்பித்துக்கொண்டது. காலப்பயணப் படங்களைப் பார்ப்பவர்கள் அனேகமாகக் கேட்காத கேள்வி அது: போய் இறங்கும் இடம் எது?

பிடோக்கை வைத்தே பார்ப்போம். பூமத்திய ரேகைக்கு வெகு அருகில் இருப்பதால், பூமியின் சுழற்சியில் பிடோக் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. வெறும் 2 நிமிடம் பின்னால் போய், அதே புள்ளியில் இறங்கினால், பூமி அந்த 2 நிமிடத்துக்கு 56 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கும். பயணி விழுவது பிந்தான் தீவுக்கு வடக்கே, கடலில். இது சுழற்சிக் கணக்கு மட்டும். பூமி சூரியனைச் சுற்றுவது நொடிக்கு சுமார் 30 கிலோமீட்டர். அதையும் சேர்த்தால் 2 நிமிடத்தில் 3,600 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். மூச்சு விடக் காற்றும் இருக்காது. சூரியனும் சும்மா இருப்பதில்லை. அது பால்வெளி மண்டலத்தின் மையத்தைச் சுற்றி நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் 'அதே இடம்' எது? ஐன்ஸ்டைன் சொன்ன பதில்: அப்படி ஒன்று கிடையாது. பிரபஞ்சத்தில் அசையாத ஆணி எதுவும் அடிக்கப்படவில்லை. இயந்திரம் எதைப் பற்றிக்கொண்டு போகிறதோ அதுவே அதற்கு இடம். இடைப்பட்ட ஒவ்வொரு நொடியிலும் பூமியை ஒட்டிக்கொண்டே இருக்கும் பெட்டிக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் இல்லை.

பூமியை விடாமல் பற்றிக்கொண்டாலும் பிடோக்கில் பிழைப்பது சிரமம். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சைக்கிள் ஓடும் பாதையில் இயந்திரத்தை நிறுத்தி 1960க்கு முடுக்கினால், பயணி கடல் தண்ணீருக்குள் இறங்குவார். அந்த நிலம் அப்போது இல்லை. 1960களின் நடுவில் தொடங்கிய நில மீட்புத் திட்டத்தில்தான் பூங்காவும், மரின் பரேட் வட்டாரமும் கடலிலிருந்து எழுந்தன. அதற்கான மண் எங்கிருந்து வந்தது? சிக்லாப், பிடோக் பகுதிக் குன்றுகளை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆக, குன்று இருந்த இடத்தில் இன்று சமதளத்தில் நிற்கும் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து கிளம்பினால், பயணி 1960இல் மண்ணுக்குள் புதைந்துவிடுவார். பிடோக் நீர்த்தேக்கத்தின் நடுவே படகில் கிளம்பினாலும் ஆபத்துதான். 1986இல் நீர்த்தேக்கமாவதற்கு முன் அது மணல் தோண்டிய பள்ளம், படகு மிதக்கத் தண்ணீர் இருக்காது. ஒரே ஊரில், நடக்கும் தூரத்துக்குள், மூழ்குவதற்கும் புதைவதற்கும் விழுவதற்கும் இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு சிக்கனமான காலப்பயணப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல கதைக்களம் கிடைக்காது.

இடத்தைச் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இயந்திரத்தில் தேதியும் நேரமும் பதிக்க வேண்டுமே. 1981 டிசம்பர் 31, இரவு 11.45, சிங்கப்பூர் நேரம் என்று பதியுங்கள். அப்படி ஒரு நேரம் இந்த ஊரில் வந்ததே இல்லை. அன்றிரவு 11.30 ஆனதும் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி நள்ளிரவு 12 ஆக்கிவிட்டார்கள். மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்கள் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி முன்னால் இருந்தன, தீபகற்பம் ஏழரை மணி. நாடு முழுவதையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர மலேசியா முடிவெடுத்தபோது, பாலத்துக்கு இந்தப் பக்கம் வேறு நேரம் வைத்துக்கொள்ள முடியாமல் சிங்கப்பூரும் மாறியது.

அது முதல் தடவையும் அல்ல. 1905 வரை சிங்கப்பூரின் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் 25 நொடி முன்னால் இருந்தது. சூரியனை வைத்து வந்த கணக்கு அது. பிறகு 7 மணி. 1933இல் 7 மணி 20 நிமிடம். 1941இல் ஏழரை. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்ததும் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு, அதாவது 9 மணிக்கு இழுத்தார்கள். 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. பூமிக்கு இதெல்லாம் தெரியாது. பிடோக்கின் தீர்க்கரேகை கிட்டத்தட்ட 103.9 பாகை. 15 பாகைக்கு ஒரு மணி என்று வகுத்தால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக மதியம் 1 மணி 4 நிமிடத்துக்கு. காலை 7 மணிக்கும் வெளிச்சம் சோம்பலாக வருவதற்குக் காரணம் இதுதான். இந்த ஊர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்காலத்திலேயே வாழ்கிறது.

கடிகார முள்ளைத் தள்ளுவது சட்டம் போட்டுச் செய்கிற வேலை. நிஜமாகவே காலம் வேறு வேகத்தில் ஓடுவதும் இதே ஊரில் அன்றாடம் நடக்கிறது. ஈர்ப்பு விசை வலுவாக இருக்கும் இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது 1915இல் முழுமை பெற்ற பொதுச் சார்பியலின் விளைவு. பூமியை ஒட்டி இருப்பவருக்குக் கொஞ்சம் மெதுவாக, உயரத்தில் இருப்பவருக்குக் கொஞ்சம் வேகமாக. 10வது மாடியில் குடியிருப்பவரை, தரையிலிருந்து 28 மீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். தரைத்தளத்தில் இருப்பவரைவிட அவருக்கு ஆண்டுக்கு ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு கூடுதலாக வயதாகிறது. 50 வருடம் அதே வீட்டில் இருந்தால் 5 மைக்ரோ நொடி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு உயரம் கூடக் கூட விலையும் கூடுவதை நினைத்தால், கூடுதல் பணம் கொடுத்துச் சீக்கிரம் வயதாகிக்கொள்கிறோம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1971 அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இருவர் நான்கு சீசியம் அணுக் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். கிழக்கு நோக்கிப் போன சுற்றில் கடிகாரங்கள் 59 நானோ நொடி பின்தங்கின. மேற்கு நோக்கிப் போனதில் 273 நானோ நொடி முந்தின. பூமியின் சுழற்சியோடு சேர்ந்து போனால் வேகம் கூடும், வேகம் கூடினால் காலம் மெதுவாகும். எதிர்த்துப் போனால் நேர்மாறு. சாங்கியிலிருந்து பிடோக் கூரைகளுக்கு மேல் ஏறிப்போகும் ஒவ்வொரு விமானத்திலும் இது நடக்கிறது. 2010இல் அமெரிக்காவின் தேசிய அளவியல் ஆய்வகம் ஓர் அணுக் கடிகாரத்தை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து வேறுபாட்டைக் கண்டது. 2022இல் ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டையும் அளந்துவிட்டார்கள். நிற்கும்போது உங்கள் தலைக்கும் காலுக்கும் ஒரே வயது இல்லை.

எதிர்காலத்தை நோக்கிய பயணம் இப்படிச் சில்லறைக் காசாகக் கிடைக்கிறது. இறந்தகாலம்தான் பிடிகொடுக்காமல் நிற்கிறது. அங்கும் ஒரு சந்து இருக்கிறதா என்று தேடியவர்கள் சிங்கப்பூரிலேயே இருக்கிறார்கள். 2015இல், 'இன்று நேற்று நாளை' ஓடிய அதே ஆண்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் தொழில்நுட்ப மையத்து ஆய்வாளர்கள் வெளிநாட்டுச் சகாக்களோடு சேர்ந்து ஒரு கோட்பாட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு குவாண்டம் துகளை இறந்தகாலத்துக்கு அனுப்புவோம், ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு. போன இடத்தில் அது எதையும் தொடக்கூடாது. யாரும் அதைப் பார்க்கவோ படிக்கவோ கூடாது. உறை பிரிக்காத கடிதமாகப் போய், அப்படியே காத்திருக்க வேண்டும். யாரையும் தொடாததால் தாத்தாவும் பிழைத்தார், காயும் எதையும் இடிக்கவில்லை, முரணுக்கே வழியில்லை. அப்படியிருந்தும், சாதாரணக் குவாண்டம் கணினிக்கு எட்டாத சில கணக்குகளை இதைக் கொண்டு போட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதைப் படமாக எடுக்கப் பெரிய செலவு ஆகாது. ஒரு வீடு, ஒரு கடிதம், பிரிக்கக் கூடாது என்ற ஒரு விதி போதும். பிடோக் மேசையில் வரப்போகும் முதல் விமர்சனமும் தெரிந்ததுதான்: "யாருமே படிக்க முடியாத கடுதாசியை எதுக்குங்க அனுப்பணும்?" கடிதம் எதையும் சொல்வதில்லை. ஆனால் புறப்படும் முன் அது ஆய்வகத்தில் இருக்கும் வேறொரு துகளோடு பின்னப்பட்டிருந்தது. அது இறந்தகாலத்துக்குப் போய்வந்ததில் அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த பிணைப்பு மாறிவிடுகிறது, கணக்கு நடப்பது அங்கேதான்.